பூஜ்யம் என்று சொல்வதற்கு முன்

சில வாரங்களுக்கு முன்பு நான் நடத்திய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது), புதிதாகச் சேர்ந்த தோழி ஒருத்தி தன் மந்திரவாதிக்குத் தீ மந்திரங்களாகவே தேர்ந்தெடுத்திருந்தாள். எதிரே வந்தது தீயே உடலான ஒரு பூதம். மூன்று முறை எறிந்தாள். மூன்று முறையும் "அதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்றேன். நான்காவது சுற்றில் அவள் பகடையைத் தொடவே இல்லை. விதிப்படி நான் சொன்னது சரிதான். ஆனாலும் அன்று இரவு முழுவதும் அது என்னை உறுத்தியது.

அந்த விளையாட்டின் 2014 பதிப்பில் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஒரு வகைச் சேதத்தை ஓரளவு தாங்கும் தன்மை, இருந்தால் சேதம் பாதி. பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். ஒரே வகைச் சேதத்துக்கு இரண்டு இடங்களிலிருந்து ரெசிஸ்டன்ஸ் கிடைத்தாலும் கால் பங்காகாது, பாதிதான். கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிட்டுத்தான் பாதியாக்க வேண்டும்: 23-இல் 5 போனால் 18, அதில் பாதி 9. வரிசையை மாற்றினால் 6 ஆகிவிடும். பல மேசைகளில் இது தவறாகவே நடக்கிறது.

2003-இல் வந்த 3.5 பதிப்பின் வழி வேறு. எலும்புக்கூட்டைத் தடி போன்ற கூரற்ற ஆயுதத்தால் அடித்தால் முழுச் சேதம். வாளோ அம்போ பட்டால் ஒவ்வொரு அடியிலும் 5 குறையும். குத்துவாளால் நாலு நாலாக மூன்று முறை குத்துகிறவனுக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. ஒரே வெட்டில் 12 கொடுப்பவனுக்கோ 7 மிஞ்சுகிறது. கொடுமையான கணக்குதான், ஆனால் எனக்கு அதுவே பிடிக்கும். விலா எலும்புகளுக்கிடையே அம்பு புகுந்து போகும் காட்சியை அந்த எண் காட்டிவிடுகிறது. ஆயுதத்தை மாற்றலாமா என்று வீரன் யோசிக்கிறான். பாதியாக்கும் விதி எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. நியாயமானது, கொஞ்சம் சுவையற்றது.

இம்யூனிட்டிதான், அதாவது ஒரு வகைச் சேதம் கொஞ்சமும் தீண்டாத தன்மைதான், உண்மையான சிக்கல். ஓநாய் மனிதனுக்கு வெள்ளி வேண்டும் என்பது கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால் அங்கே பூஜ்யம் ஒரு விடுகதை. நஞ்சு அப்படியல்ல. நஞ்சு தீண்டாத அரக்கர்களும் நடமாடும் பிணங்களும் 2014 பதிப்பில் ஏராளம். நஞ்சு மந்திரத்தை ஆசையோடு எடுத்தவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது நான் முதல் பகடை உருளும் முன்பே தடயம் வைத்துவிடுகிறேன். போன வாரம் குகையில் ஏதோ ஒன்று நெருங்கியபோது, சுவரில் இருந்த பந்தங்களின் சுடரெல்லாம் அதை நோக்கிச் சாய்ந்தன என்று மட்டும் சொன்னேன். தோழி தன் மந்திரப் பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். புதிதாகக் கற்றிருந்த பனி மந்திரத்தின் மேல் விரலை வைத்தாள்.