பாறையைக் கண்டாலே கை அரிக்குமா?

மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு நிம்மதியாக ஒரு நடை போய்வர முடிகிறதா? மூச்சிரைக்க, மலை மேலிருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினால், மகாவீரர், பார்சுவநாதர் என்ற சமணத் தீர்த்தங்கரர்கள், பாகுபலி என்ற சமணத் துறவி எல்லாம் ஆயிரம் வருசத்துக்கு மேலாக வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு பாறையில் வரிசையாகச் சிற்பமாக இருக்கிறார்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. சரி, நின்று பார்க்கலாம் என்றால் கண்ணில் முதலில் படுவது வெள்ளைப் பெயிண்டில் அம்பு குத்திய இதயமும் இரண்டு இனிஷியலும்தான். காதலிக்கிறவன் பெயிண்ட் டப்பாவோடயா மலை ஏறுவான்? அப்புறம் ஆணியால் கீறிய செல்போன் நம்பர் வேறு, யாரய்யா கூப்பிடப்போகிறார்கள், தீர்த்தங்கரரா?

மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்று பாண்டியர் காலத்தில் பெரிய சமணப்பள்ளியே இருந்திருக்கிறது. மிஞ்சியது வெறும் அடித்தளம், அதிலும் கல்வெட்டு. அதன்மேல் உட்கார்ந்துதான் பிரியாணிப் பொட்டலம் பிரிக்க வேண்டுமாம், புலால் உண்ணாத துறவிகளின் இடத்தில்! எலும்பு கல்வெட்டுப் பக்கம், தண்ணீர்ப் பாட்டில் பள்ளத்துக்குள். வாயைத் திறந்தால், “ஒங்க அப்பன் வீட்டுப் பாறையாண்ணே?” என்று பதில் வருகிறது.