கொலம்போவை நம் குழம்பு என்று சொல்வதற்கு முன்

நண்பர் ஒருவர் கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்குப் போய்வந்து, அங்கே சாப்பிட்ட ஆட்டுக்கறிக் கொலம்போவின், அதாவது அந்த ஊர் மசாலாக் குழம்பின், படத்தைப் போட்டு, "ஏழு கடல் தாண்டியும் மணக்கிறது நம் குழம்பு" என்று எழுதியிருந்தார். அதன் கீழே குவிந்த பெருமிதத்தைப் படிக்கப் படிக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே தீவுக்குப் போய், அதே தட்டைப் படமெடுத்து, ஏறத்தாழ அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன் என்பதுதான் சங்கடத்துக்குக் காரணம். ஆகவே இதை அவருக்கு எழுதும் மறுப்பாகக் கொள்ள வேண்டாம். என் பழைய பதிவுக்கு நானே எழுதும் திருத்தம் இது.

புதுச்சேரியில் பிறந்து பாரிஸ் புறநகரில் குடியிருக்கும் எனக்குக் குவாதலூப் வெளிநாடுகூட அல்ல. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம், யூரோதான் புழங்குகிறது. பாரிசில் ஏறினால் ஏறத்தாழ எட்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல இரண்டு பெரும் நிலப்பகுதிகள்: கரும்பு விளையும் சமவெளியான கிராந்த்-தேர், 1,467 மீட்டர் உயரச் சுப்ரியேர் எரிமலையும் மழைக்காடும் வாழைத் தோட்டங்களும் கொண்ட பாஸ்-தேர். பயணிகளில் பெரும்பாலோர் முதல் சிறகின் தென்கரையில், கொசியே, செந்த்-ஆன், சென்-பிரான்சுவா ஆகிய ஊர்களின் கடற்கரை விடுதிகளில் தங்கி, ஒரு நாள் எரிமலையையும் ஒரு நாள் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் தங்கிய விடுதியில் வாரம் ஒரு மாலை "கிரியோல் இரவு" என்று விருந்து வைத்தார்கள்; அந்தத் தீவின் கலப்புப் பண்பாட்டுக்கும் மொழிக்கும் கிரியோல் என்று பெயர். அன்றைக்குக் கொலம்போ என்ற பெயரில் பரிமாறப்பட்டது, பாலாடையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி மஞ்சள் நிறமாக்கப்பட்ட கோழிக்கறி. அதைச் சாப்பிட்டுவிட்டு, "உறைப்பில்லாமல் நன்றாக இருக்கிறது" என்று பக்கத்து மேசைக்காரர் பாராட்டினார். அந்தத் தீவில் ஐந்து தலைமுறையாகச் சமைக்கப்படும் ஓர் உணவு, அந்தத் தீவிலேயே, அந்தத் தீவின் பெயரைச் சொல்லியே அப்படிப் பரிமாறப்படுவதைப் பார்த்த பிறகுதான் மறுநாள் புவான்ட்-ஆ-பித்ர் நகரத்துச் சந்தைக்குப் போனேன்.

சென்-அந்துவான் சந்தை இரும்புத் தூண்களால் தாங்கப்பட்ட பழைய கட்டடம். மதராஸ் எனப்படும் கட்டம்போட்ட துணியில் தலைக்கட்டு கட்டிய பெண்கள் பட்டை, சாதிக்காய், வனிலாக் காய்களைக் குவித்து வைத்துக்கொண்டு, வருவோர் போவோரையெல்லாம் "டூடூ, டூடூ" என்று அழைத்து விற்கிறார்கள். "கண்ணு" என்று நம் ஊர்க் காய்கறிக்காரி கூப்பிடுவதைப் போன்ற அழைப்பு அது. கொலம்போப் பொடி கேட்டேன். கொத்துமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார் ஒரு மூதாட்டி. மிளகாய் எங்கே என்றேன். "அது பொடியில் சேராது, சட்டியில் சேரும்" என்றார்.

அதன் பொருள் அன்று மதியம் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் விளங்கியது. இத்தகைய கடைகளை அங்கே லோலோ என்பார்கள். நான்கு மேசை, ஒரு கரும்பலகை, அன்றைக்குச் சமைத்தது தீர்ந்ததும் கதவடைப்பு. எலுமிச்சையில் கழுவி, பூண்டும் தைம் தழையும் வெங்காயத்தாளும் பிசறி ஊறவைத்த ஆட்டுக்கறியை எண்ணெயில் வதக்கி, பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கத்தரிக்காயும் சௌசௌவும் புளிப்புக்கு மாங்காயும் போடுகிறார்கள். கடைசியாக, குடைமிளகாயைச் சுருக்கி வைத்தாற்போன்ற அந்த ஊர் மிளகாய் ஒன்றைக் காம்போடு முழுதாக மேலே மிதக்கவிட்டு மூடிவிடுகிறார்கள். அது வெடித்துவிடக் கூடாது. வெடித்தால் சட்டியையே தொட முடியாது. காரம் அல்ல, மிளகாயின் மணம் மட்டுமே குழம்பில் இறங்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு நம் சமையலில் இல்லாதது. தைம் தழையும் நம்முடையது அல்ல. வெந்தயமும் கடுகும் நம்மோடு போனவை. ஒரே சட்டியில் கொதித்த பிறகு எது யாருடையது என்று பிரித்தெடுக்க முனைவது வீண் வேலை என்பதே என் கட்சி.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்புத் துறைமுகத்தின் பெயரே இந்த உணவுக்கு வந்தது என்பது பிரெஞ்சு சமையல் நூல்கள் வழக்கமாகத் தரும் விளக்கம். "குழம்பு" என்ற சொல்தான் கிரியோல் நாவில் இப்படித் திரிந்தது என்பது இன்னொரு விளக்கம். இரண்டாவதை நம்பவே எனக்கு ஆசை. ஆனால் ஆசை ஆதாரம் ஆகாது என்பதால் அதை வைத்துக்கொண்டு எவரிடமும் உரிமை கொண்டாட நான் தயாராக இல்லை.

உரிமை கொண்டாடுவதற்கு முன் அந்தக் குழம்பு எப்படி அங்கே போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மறுக்க, முதலாளிகள் மலிவான கைகளைத் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களைப் புவான்ட்-ஆ-பித்ர் துறையில் இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42 ஆயிரம் பேர் அவ்வாறு வந்தார்கள். பெரும் பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழ் மக்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், அது முடிந்ததும் இலவசப் பயணத்தில் ஊர் திரும்பலாம் என்பது ஏட்டிலிருந்த வாக்குறுதி. ஊர் கண்டவர்கள் சிறு பகுதியினரே. நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் ஏராளம். விடுதலைக்குப் போராடிய கறுப்பின மக்களின் கூலியை உயரவிடாமல் தடுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதால், "கூலி" என்ற சொல் அந்தத் தீவில் நெடுங்காலம் வசையாகவே வழங்கியது. எங்கள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கும் எவருக்கும் இந்தக் கப்பல்களைப் பற்றிப் பள்ளியில் சொல்லித்தந்ததில்லை; எனக்கும் சொல்லவில்லை.

குடியுரிமைக்கதை இன்னும் நீளம். கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கு, 1923 வரை இழுத்தது. தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களை அந்நியர் என்று சொல்லி வாக்குரிமை மறுத்த அரசை எதிர்த்து, பத்தொன்பது ஆண்டுகள் விடாமல் நின்றார் அந்த மனிதர். பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற தகுதி அப்படித்தான் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலையில் மொழியும் அடக்கம்: பள்ளியில் பிரெஞ்சு, வயலில் கிரியோல், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில். தமிழ், சடங்குப் பாட்டிலும் குடும்பப் பெயரிலும் சில காய்கறிகளின் பெயரிலும் ஒதுங்கிக்கொண்டது. பாகற்காய் அங்கே பரோக்கா, வேப்பிலை வெப்பெலே.

அந்த லோலோவை நடத்திய அம்மையாரின் குடும்பப் பெயர், எழுத்து சற்று மாறிய ராமசாமி. பெயரைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட பரபரப்பில், சாப்பாடு வருவதற்குள்ளாகவே, "தமிழ் தெரியுமா மதாம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வருகிற இந்தியர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறீர்கள். கறி எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். எங்கே குடும்பம் என்று நான் கேட்டதற்கு நான் எதிர்பார்த்தது காரைக்காலையோ தஞ்சாவூரையோ. "கப்பெஸ்தேர். எங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவும் அங்கேதான் புதைந்திருக்கிறார்" என்று முடித்துவிட்டார்.

கப்பெஸ்தேரில் ஷாஞ்சி என்ற இடத்தில், பெருஞ்சாலை ஓரமாக, வண்ணச் சுதைச் சிற்பங்களோடு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் பெயர் அங்கே மாலியெமன். துணைக்கு மதுரைவீரன் உண்டு. வேண்டுதல் நிறைவேறியவர் நடத்தும் பூசையில் தப்பும் மத்தளமும் முழங்க, ஆடோ சேவலோ பலியிட்டு, அந்தக் கறியையே கொலம்போவாக்கி, வந்த அத்தனை பேருக்கும் வாழையிலையில் சோற்றோடு போடுகிறார்கள். வந்தவர்களில் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் உண்டு, நேர்ந்துகொள்பவர்களிலும் உண்டு. அங்கே போகும் நம்மவர்களில் சிலர் முகம் சுளித்து, "ஆகம முறைப்படி நடத்துங்கள், சைவமாக மாற்றுங்கள்" என்று அறிவுரை சொல்லிவிட்டு வருவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். கப்பலேறிப் போன ஏழைக் குடியானவர்கள் எடுத்துச்சென்ற தெய்வம் கிடாவெட்டுக் கேட்கும் தெய்வம்தான். நூற்றெழுபது ஆண்டுகள் அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு, ஒரு வார விடுமுறையில் போய் இறங்கியவர்கள் பாடம் நடத்துவது அசட்டுத்தனம்.

மதராஸ் துணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு முதலான நம் கடற்கரை நெசவூர்களிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுபோன கட்டம்போட்ட கைக்குட்டைத் துணிதான் அந்தத் தீவுப் பெண்களின் தலைக்கட்டானது. கூலித் தமிழர்கள் போவதற்கு முன்பே, அடிமை முறை இருந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்த துணி அது. தலைக்கட்டில் ஒரு முனை நீட்டியிருந்தால் மனம் காலி, இரண்டு என்றால் வேறொருவர் இருக்கிறார், மூன்று என்றால் மணமானவர் என்றெல்லாம் வழிகாட்டிகள் ஆசையாகச் சொல்வார்கள்; கேட்டுச் சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் ஆகஸ்டில் புவான்ட்-ஆ-பித்ரில் நடக்கும் சமையற்காரிகள் திருவிழாவைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். புனித லோரன்சுவைத் தங்கள் காவலராகக் கொண்ட அந்தப் பெண்கள், பூசைக்குப் பின் உணவுக் கூடைகளைச் சுமந்து மதராஸ் உடையில் வீதியில் ஊர்வலம் வருவார்கள்.

இனி, படங்களில் வராத பகுதி. அந்தத் தீவு தான் உண்பதில் பெரும் பகுதியை இறக்குமதி செய்கிறது. நிலமோ சர்க்கரைக்கும் ரம்முக்கும் வாழை ஏற்றுமதிக்கும் எழுதிவைக்கப்பட்டது. இது அடிமைக் காலத்திலிருந்தே வரும் ஏற்பாடு. பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு ஒப்பீட்டின்படி, குவாதலூப்பில் உணவுப் பொருள் விலை பிரான்சு நிலப்பகுதியைவிட 42 விழுக்காடு அதிகம். 2009இல் விலைவாசியை எதிர்த்து 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. வாழையைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை தெளித்த குளோர்டெகோன் என்ற நஞ்சு இன்னும் மண்ணில் தங்கியிருக்கிறது; பிரான்சு நிலப்பகுதியில் 1990இலேயே தடைசெய்யப்பட்ட பிறகும் தீவுகளில் மட்டும் விலக்களித்து அனுமதித்தார்கள். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது காணப்படுகிறது. வாழைத் தோட்டங்கள் மிகுந்த கப்பெஸ்தேர்ப் பகுதிதான் அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. மாரியம்மன் கோயிலிருக்கும் அதே ஊர், சிதம்பரம் பிறந்த அதே ஊர். அங்கே வள்ளிக்கிழங்கு வாங்குபவர், எந்த மண்ணில் விளைந்தது என்று கேட்டுவிட்டு வாங்குகிறார்.

இவ்வளவும் இருக்க, கொலம்போத் தட்டைப் படமெடுத்து "நம் குழம்பு" என்று போடுவதில் எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன. குழம்பைக் கொண்டுபோனவர்களை நாம் மறந்த ஒன்றரை நூற்றாண்டுக்கு நாம் பொறுப்பேற்பதில்லை. அதைத் தங்கள் மண்ணின் தழையும் மிளகாயும் போட்டு வேறொன்றாக வளர்த்தவர்களுக்கு, கறுப்பினச் சமையற்காரிகளையும் சேர்த்தே சொல்கிறேன், உரிய மதிப்பையும் தருவதில்லை. விடுதிக்காரர் பாலாடை ஊற்றி அவர்களை அழிக்கிறார் என்றால், நாம் பெருமிதம் ஊற்றி அழிக்கிறோம்.

போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். விடுதி விருந்தைத் தவிர்த்து, கரும்பலகை வைத்த கடைகளில் சாப்பிடுங்கள்; பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், ஒன்றரைக்கு ஆட்டுக்கறி தீர்ந்துவிடும். பேரம் பேசாதீர்கள், அந்த ஊர் விலைவாசி உங்களுக்குத் தெரியும். மிதக்கும் மிளகாயைக் கரண்டியால் அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன். அம்மையார் ஒன்றும் பேசாமல் ஒரு தட்டு வெறுஞ்சோறும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் கிரியோலில் ஏதோ சொன்னார். கடை முழுவதும் சிரித்தது. கண்ணில் நீர் வழிய, கறி மிக நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.