கொருக்குப்பேட்டையும் மலாவியும்

"கொருக்குப்பேட்டையில் முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும்போது மலாவிக்கு எதற்கு ஐயா பணம்?" என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் வரவுசெலவுக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார். கொருக்குப்பேட்டை வடசென்னையில் எங்கள் பக்கத்துப் பகுதி. மலாவி, எங்கள் சபைச் சகோதரி ஒருவர் செவிலியராகப் பணிசெய்யும் ஆப்பிரிக்க நாடு. பின்வரிசைகளில் பலர் தலையசைத்தார்கள். பொருளாளர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் நேரமாகிவிட்டது என்று இறுதி ஜெபம் ஏறெடுக்கப்பட்டுக் கூட்டம் கலைந்தது. கேட்டவர்மீது எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கட்டிலின் நான்கு கால்களுக்கும் செங்கல் வைத்து உயர்த்துகிற வீட்டிலிருந்து வருகிறவர் அவர். கேட்க முழு உரிமையுள்ளவர். ஆனால் அவருக்குப் பதில் சொல்லாமல் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போனது சரியில்லை. ஒரு வாரமாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது. பதினோரு ஆண்டுகள் செயற்குழுவில் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தம்பி பிறந்ததும் நான் பிறந்ததும் ரெய்னி ஆஸ்பத்திரியில்தான். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் பழைய குடும்பங்களில் விசாரித்தால், அங்கே பிறந்தவர் ஒருவராவது இருப்பார். 1888-ல் ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபை அனுப்பி வைத்த டாக்டர் அலெக்ஸாண்ட்ரினா மட்டில்டா மக்ஃபெயில் என்ற இளம் மருத்துவர், மதராசில் பெண்களுக்காகத் தொடங்கிய சிறிய மருத்துவப் பணியே பின்னாளில் இந்த மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டுவதைவிட வீட்டிலேயே கிடந்து சாவது மேல் என்று பெண்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் நினைத்த காலம் அது. மக்ஃபெயில் அம்மையார் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தார். இருபதுகளின் இறுதியில் கப்பலேறி வந்த பெண், தலை நரைத்த பிறகுதான் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார்.

நமக்கு இது பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி. ஆனால் அந்நாளில் ஸ்காட்லாந்தின் ஆலயங்களில் உட்கார்ந்து காணிக்கை போட்டவர்களுக்கு இது கடல் கடந்த மிஷன். அங்கே மட்டும் வறுமை இல்லாமலா இருந்தது? கிளாஸ்கோ நகரத்தின் சேரிகள் நெரிசலுக்கும் தொற்றுக் காய்ச்சலுக்கும் பெயர்போனவை. "நம் தெருவில் பிள்ளைகள் சாகும்போது மதராசுக்கு எதற்குப் பணம்?" என்று அங்கும் யாரேனும் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் பணம் வந்தது, மருத்துவர் வந்தார், என் தாய்க்குப் பிரசவம் பார்க்க ஓர் இடம் இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1843-ல் அந்தச் சுயாதீனத் திருச்சபையைத் தலைமை தாங்கி நிறுவிய தாமஸ் சால்மர்ஸ், அதற்கு முன்பே உள்ளூர் ஏழைகளுக்கான பணியில் பேர்பெற்றவர். 1819-ல் கிளாஸ்கோவில் தம் சேகரத்தை, அதாவது தம் ஆலயத்தின் பொறுப்பில் இருந்த வட்டாரத்தை, 25 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரை நியமித்து, ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி விசாரிக்கச் செய்தார். எந்த வீட்டில் யாருக்கு வேலை இல்லை, யாருக்கு உடம்பு சரியில்லை என்று அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய ஏழ்மைக் கொள்கைகள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்பவன் இல்லை. ஏழைகளுக்கான அரசு உதவியை அவர் எதிர்த்தது தவறு என்றே கருதுகிறேன். ஆனால் அவரிடம் படித்த மாணவர் அலெக்ஸாண்டர் டஃப்தான் 1830-ல் கல்கத்தாவுக்கு மிஷனரியாக வந்தார். வீடு வீடாகப் படியேறக் கற்றுக்கொடுத்த அதே மனிதரிடம் படித்தவர் கடலையும் கடந்தார். இரண்டும் ஒரே பழக்கத்திலிருந்து பிறந்தவை. அந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா என்பதே என் கவலை.

உள்ளூர்ப் பணி என்று நாம் செய்வதைச் சொல்கிறேன். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஆலய வளாகத்தில் பந்தல் போட்டு, முந்நூறு பேருக்குப் புடவையும் ஐந்து கிலோ அரிசியும் கொடுக்கிறோம். ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறோம். வாங்குகிறவர் ஆயர் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பாட்டி, படம் எடுக்கும் நேரத்தில் புடவைப் பொட்டலத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "பாட்டி, பையைக் கீழே இறக்குங்க" என்று வாலிபர் சங்கத்துப் பையன் இரண்டு முறை சொன்னான். அவர் இறக்கவில்லை. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவருடைய மகளை அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்துவிடக் கூடாது என்ற பதைப்பு அவருக்கு. மறு ஆண்டு அவர் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று விசாரிக்க நம்மில் யாருக்கும் அவர் வீடு தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. நாங்களும் பிரெட், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் கட்டிக்கொண்டு மீன்பாடி வண்டியில் போனோம். ஒரு சந்தில் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் பொட்டலத்தை வாங்காமலே சொன்னார்: "பிஸ்கட்டு காலையிலேர்ந்து நாலு வாட்டி வந்துடுச்சுப்பா. ரேஷன் கார்டு, பையன் மார்க் ஷீட்டு எல்லாம் ஊறி மாவாப் போச்சு. அதுக்கு எங்க போய் யாரக் கேக்கறதுன்னு சொல்லு, புண்ணியமாப் போகும்." அரசு ரேஷன் கடைகள் மூலம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருந்த நேரம் அது. கார்டு இல்லாதவர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் சபையில் நாற்பது பேராவது இருக்கிறார்கள். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு, நான்கு பேரை உட்கார வைத்தோம். மூன்று வாரம் மாலைதோறும் உட்கார்ந்தார்கள். நிவாரண விண்ணப்பம், நகல் சான்றிதழுக்கு மனு, வங்கிப் புத்தகத்துக்கு மனு என்று எழுதிக் கொடுத்தார்கள். பேனாவுக்கும் தாளுக்கும் தேநீருக்கும் ஆன செலவு எங்கள் கணக்கில் ஒரு வரிகூடத் தேறாது. எனக்குத் தெரிந்து, கடந்த பத்து ஆண்டுகளில் எங்கள் சபை இந்தப் பகுதிக்குச் செய்த மிகப் பயனுள்ள காரியம் அதுதான். பொங்கலுக்குப் பிறகு மேசையை மடித்து உள்ளே வைத்துவிட்டோம். புயல் வந்த அதே டிசம்பரில், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவால் எண்ணெய் படிந்த வலைகளோடு நின்ற மீனவர்களுக்கு நாம் கொண்டுபோனதும் அதே பிஸ்கட்டும் அரிசிப் பையும்தான். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

இனி மலாவிக்கு வருகிறேன். எங்கள் சபையில் வளர்ந்து, செவிலியர் படிப்பு முடித்து, வடக்கு மலாவியில் ஒரு கிராமச் சுகாதார நிலையத்தில் பணிசெய்யும் சகோதரியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். 1875-ல் அந்த நாட்டில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கியதும் நம் ரெய்னி ஆஸ்பத்திரிக்கு மருத்துவரை அனுப்பிய அதே சுயாதீனத் திருச்சபைதான். ஒரே காணிக்கைப் பையிலிருந்து ஒரு காலத்தில் ராயபுரமும் வாங்கியது, மலாவியும் வாங்கியது. இன்று ராயபுரத்திலிருந்து ஒரு பெண் அங்கே போயிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது, சொல்வதில் வெட்கமில்லை.

அவர் அங்கே போன முதல் எட்டு மாதம் தும்புக்கா மொழி படித்ததைத் தவிர வேறு பெரிதாக எதுவும் செய்யவில்லை. அந்த எட்டு மாதமும் நம் செயற்குழுவில் "என்ன ஊழியம் நடக்கிறது, அறிக்கை வரவில்லையே" என்று கேட்டோம், நானும் கேட்டேன். விடுமுறையில் வந்தபோது அவர் சொன்னது: "அண்ணா, வயித்துல எங்க வலிக்குதுன்னு அவங்க பாஷையில கேக்கத் தெரியாம ஊசி போட எனக்கு மனசு வரல." இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். மிஷனரி ஞாயிறு அன்று திரையில் காட்டுவதற்காக வெறுங்காலோடு நிற்கும் குழந்தைகளின் படங்களை நாம் கேட்டுக்கொண்டே இருந்தோம் அல்லவா, அதை நிறுத்தும்படி கேட்டார். அந்தக் குழந்தைகளின் தாய்மாரிடம் தாம் அனுமதி வாங்கவில்லை என்றார். எனக்கு உடனே புடவைப் பொட்டலத்தால் முகத்தை மறைத்த பாட்டியின் நினைவு வந்தது.

பணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கூட்டத்தில் இதுதான் சொல்லப்படவில்லை. நம் பொதுக் காணிக்கையிலிருந்து மலாவிக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. அறக்கட்டளையாகப் பதிவான ஓர் அமைப்பு தன் வருமானத்தை இந்தியாவுக்குள் செலவிட்டால்தான் வருமான வரி விலக்கு. வெளிநாட்டில் செலவிட நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். ஆகவே, பதினான்கு குடும்பங்கள் தங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து, ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்கு வகுத்துள்ள வழியில், அந்தச் சகோதரியின் வாழ்க்கைச் செலவுக்கு அனுப்புகின்றன. வரவுசெலவில் "மிஷனரி ஆதரவு" என்று இருக்கும் ஒதுக்கீடு, பெரம்பூரில் தனியாக இருக்கும் அவருடைய தாயாரின் மருத்துவக் காப்பீட்டுக்கும், அவர் திரும்பி வரும் நாளுக்காக இங்கே போடும் வைப்புத்தொகைக்கும் உரியது. அந்தத் தொகை, கிறிஸ்துமஸ் மேடைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் ஒதுக்கியிருக்கும் தொகையைவிடக் குறைவு. கொருக்குப்பேட்டையின் பங்கை மலாவி எடுத்துக்கொள்வதாக நினைத்த தம்பி, அடுத்த முறை அந்த அலங்கார ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளியிலிருந்து நமக்கு வரும் பணத்தின் நிலைமையும் மாறிவிட்டது. 2020-ல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படி வரும் பணத்தை ஓர் அமைப்பு வேறோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த வரம்பு 20 சதவீதமாயிற்று. பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். பெரிய அமைப்பிடமிருந்து பங்கு வாங்கி நடந்த சின்னச் சின்னப் பணிகள் பல சுருங்கின. நம் பகுதியில் மாலைநேர வகுப்பு நடத்திய ஓர் அமைப்பும் கதவைச் சாத்தியது. அங்கே படித்த பிள்ளைகளில் சிலர் நம் ஆலயத் திண்ணையில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வியாசர்பாடியில் சலேசியத் துறவற சபையைச் சேர்ந்த இத்தாலியக் குரு மந்தோவானி போன்றோர் வந்து தங்கி ஏழைகளுக்காக உழைத்ததைப் போல, இன்னொருவர் வெளியிலிருந்து வந்து செய்வார் என்று காத்திருக்க இனி வழியில்லை. அந்தத் திண்ணைக்கு ஒரு குழல்விளக்கு போடக்கூட நாம் இன்னும் தீர்மானம் எழுதவில்லை.

மிஷனரிகள் வெள்ளையர் ஆட்சியின் நிழலில் வந்தவர்கள், அவர்களில் பலர் நம் மக்களைக் கீழாகப் பார்த்தவர்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான். 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதே அவர் பேச்சின் முடிவு. அவர் வெறும் குறைசொல்லியாக நிற்கவில்லை. பனங்காட்டு ஊரில் பிறந்தவர், நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்று, அங்கேயே தங்கி, 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயராகி, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். அவர் மேலைநாட்டு மிஷனரிகளிடம் கேட்டதையே இன்று நம் சந்துக்காரர்கள் நம்மிடம் கேட்டால், அவர்கள் கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

ஆகவே என் கருத்து இது: மலாவிக்குப் போனவரிடம் நாம் எதிர்பார்க்கும் பொறுமையை, மொழி கற்பதை, அங்கேயே தங்குவதை, கொருக்குப்பேட்டைக்குப் போகிற நம்மிடமும் எதிர்பார்க்க வேண்டும். அதேபோல், பக்கத்துத் தெருவில் செலவழித்த ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது கேட்கும் நாம், தூரத்துப் பணிகளுக்கும் ரசீது கேட்க வேண்டும். உருக்கமான கடிதம் கணக்காகாது. எங்கள் சகோதரி மாதாமாதம் கணக்கு அனுப்புகிறார். வேறு சில பணித்தளங்களுக்கு நாம் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தும் ஒரு தாள்கூட வந்ததில்லை, அதைக் கேட்ட என்னை விசுவாசக் குறைவுள்ளவன் என்றார்கள்.

இன்னொன்று, இதில் பலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். அரிசிப் பைக்குள் நற்செய்தித் துண்டுப்பிரசுரம் வைக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். நான் நற்செய்தியை விசுவாசிக்கிறவன், கேட்கிறவருக்குச் சொல்லத் தயங்காதவன். ஆனால் பசித்திருப்பவர் கையில் அரிசியோடு சேர்த்துக் கொடுக்கும் தாளை அவர் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில் நீட்டுவது அவரை மதிப்பதாகாது. மக்ஃபெயில் அம்மையாரின் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் எத்தனை பேர் என்று நம் பகுதியைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

செயற்குழுவுக்கு இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முதலாவது, புடவை வழங்கும் விழாவை விட்டுவிட்டு, சபையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இரண்டு குடும்பங்கள் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் வர வேண்டும். மனு எழுதும் மேசை சனிக்கிழமை மாலைகளில் ஆண்டு முழுவதும் திண்ணையில் இருக்க வேண்டும். இரண்டாவது, மிஷனரி ஆதரவு ஒதுக்கீட்டை இப்போதுள்ள அளவிலேயே வைத்து, அதன் விவரத்தை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கேள்வி கேட்ட தம்பியின் வீட்டுக்கு நேற்று மாலை போயிருந்தேன். கட்டில் இன்னும் செங்கல்மேல்தான் இருக்கிறது. இரண்டு கோரிக்கைகளையும் படித்துப் பார்த்தார். முதலாவதன் கீழ் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதை, அந்தச் சகோதரியின் தாயாரை ஒருமுறை பார்த்துப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வரும் சனிக்கிழமை இருவரும் பெரம்பூர் போகிறோம்.