கீழாநெல்லிக்கு அந்த ஒரு மரபணு போதாது
டிஎன்ஏ சோதனையில் சிஓ1 என்ற ஒரே மரபணுத் துண்டை வைத்து எந்த உயிரினத்தையும் அடையாளம் கண்டுவிடலாம் என்று இங்கே வந்த ஒரு கட்டுரை சொல்கிறது. விலங்குகளுக்கு அது பெரும்பாலும் சரி, தாவரங்களுக்குச் சரியில்லை. 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர் முன்வைத்ததே விலங்குகளுக்கான துண்டுதான். செடிகளில் அந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால், நெருங்கிய இனங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் 2009-இல் பசுங்கணிகத்திலிருந்து (இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பு) ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுத் துண்டுகளைத் தாவரங்களுக்கெனத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆய்வில் இரண்டும் சேர்ந்தே 72 விழுக்காடு அளவுக்குத்தான் இனங்களைப் பிரித்துக் காட்டின. டிஎன்ஏ சோதனை இருக்கும்போது, உயிரினங்களை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் படித்தவர்கள் இனி எதற்கு என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, கீழாநெல்லி என்று நாங்கள் பறித்துக் கட்டி வந்த செடிக்கட்டுக்குள் இரண்டு வகைச் செடிகள் கலந்திருந்தன. இரண்டிலும் இலைக்காம்புக்கு அடியில் அதே பச்சை மணிகள். ஆசிரியை விதையை உதிர்த்துக் கைலென்ஸில் காட்டினார்: ஒன்றில் வரிகள் நீளவாக்கில் ஓடின, மற்றதில் குறுக்காக! காயவைத்துப் பொடித்துவிட்டால் இந்தக் கண் உதவாது, அங்கே டிஎன்ஏ சோதனை கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பொடியில் கிடைக்கும் டிஎன்ஏ வரிசையை எதனோடு ஒப்பிடுவது? யாரோ ஒருவர் வரப்பில் குனிந்து பறித்து, பெயரை உறுதி செய்து, அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்த செடியின் வரிசையோடுதான். அந்தத் தாளில் பெயர் தவறென்றால் அந்த வரிசைகளைச் சேர்த்து வைத்த தரவுத்தளமும் அதே தவற்றைத்தான் திருப்பிச் சொல்லும்.