பிரிக்காத பொம்மைக்கு ஏன் இத்தனை மரியாதை?

பழைய பொம்மைகளை வாங்கி விற்கும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழ் பிரிக்கப்படாமல் இருந்தால் பொம்மைக்கு ராஜ மரியாதை. அதே பொம்மையை ஒரு பிள்ளை பிரித்து விளையாடியிருந்தால் ‘லூஸ்’ என்று ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். நானும் ஜி.ஐ. ஜோ என்ற பழைய சிப்பாய் பொம்மைகளைச் சேர்க்கிறவன்தான். ஆனால் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. மூன்றே முக்கால் அங்குல உயர ஜி.ஐ. ஜோ வீரர்களை ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982-ல் அமெரிக்காவில் இறக்கியது. இங்கே அவற்றைச் செய்து விற்றது ஃபன்ஸ்கூல், நம்ம சென்னை எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்தது. அச்சு அங்கிருந்து வந்தது, நிறம் பல நேரம் இவர்கள் இஷ்டம். அமெரிக்காவில் அடக்கமான உடுப்பில் நின்ற சிப்பாய் இங்கே திருவிழாவுக்குக் கிளம்பியவன் மாதிரி வந்து நிற்பான். அங்கே 1994-ல் அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் நம்மூர் கடைகளில் அட்டைகள் தொங்கின. அந்த விசித்திர நிறங்களுக்காகவே இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடுகிறார்கள்.

டிவியில் வந்த ஜி.ஐ. ஜோ கார்ட்டூனை நான் பார்த்ததே இல்லை. எவன் நல்லவன், எவன் கோப்ரா என்ற வில்லன் கட்சி என்பதெல்லாம் அட்டையின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு குறிப்பு இருக்கும்: பெயர், பிறந்த ஊர், என்ன வேலையில் கெட்டிக்காரன். அமெரிக்காவில் அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா, அவரே ராணுவத்தில் இருந்தவர். கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்ளத்தான் அந்தக் குறிப்பைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டிருந்தார்கள். அதாவது அட்டையை வெட்டச் சொன்னதே கம்பெனிதான்! இப்போது அதை வெட்டியிருந்தால் விலை பாதாளத்துக்குப் போகிறது. கடைக் கம்பியில் மாட்டும் துளைகூடக் குத்தப்படாமல் இருந்தால் இன்னும் அதிகம் தருகிறார்கள். கடையிலேயே தொங்காத பொம்மையாம், அதற்கு ஒரு பெருமை.

இந்தப் போக்கின் உச்சம் ஸ்டார் வார்ஸ் படத்தின் பொம்மைகள். 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகள் தயாராகாததால் கென்னர் நிறுவனம் வெறும் அட்டை உறையை விற்றது. உள்ளே இருந்த சீட்டை அனுப்பினால் அடுத்த வருடம் பொம்மை வீட்டுக்கு வரும். அதையும் வாங்கினார்கள். அப்புறம் அந்தப் படக் கதாபாத்திரமான போபா ஃபெட்டை, முதுகிலிருந்து ராக்கெட் பாயும் பொம்மையாக வடிவமைத்தார்கள். பிள்ளைகள் தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் அது கடைக்கே வரவில்லை. மாதிரிக்குச் செய்தவற்றில் ஒன்று 2024-ல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. எந்தப் பிள்ளைக்கும் விற்கப்படாத பொம்மைக்குத்தான் உச்ச விலை. இதைப் பொம்மை ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்குச் சந்தை என்றால் சரி.

சீலுக்குள் இருந்தால் பொம்மை பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை. பழைய ஜி.ஐ. ஜோவின் இடுப்புக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். உடம்பையும் கால்களையும் பிடித்து நிறுத்துவது அதுதான். முப்பது வருடத்தில் ரப்பர் காய்ந்து அறுந்துவிடும், பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும். குமிழ் மஞ்சளாகும், பசை விடும். பொம்மையின் நிலைமைக்கு மதிப்பெண் வாங்கி அக்ரிலிக் பெட்டியில் அடைத்து வைத்தவன், உள்ளே வீரன் இரண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லூஸ் வைத்திருப்பவன் முதுகில் உள்ள ஒரே ஒரு திருகைக் கழற்றி, ஹார்டுவேர் கடை ஓ-ரிங் ஒன்றைச் சரியான அளவில் பார்த்து மாட்டிவிடுவான். வீரன் மறுபடி எழுந்து நிற்பான்.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்னால் வெடிச் சிதறல், முன்னால் பாயும் வீரன் என்று அந்த ஓவியங்கள் அற்புதமானவை. யாராவது சிலர் அவற்றை முழுசாக வைத்திருப்பதால்தான் எந்தத் துப்பாக்கி எவனுடையது என்று நமக்குத் தெரிகிறது. அவர்களுக்கு நன்றி. ஆனால் எல்லாருமே காவல்காரர்களாக இருந்தால் விளையாடுவது யார்?

ஊர் வீட்டுப் பரணில் பழைய ஜி.ஐ. ஜோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். கட்டைவிரல் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, இருப்பதைப் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். எனக்கு முதுகுப் பைகளும் துப்பாக்கிகளும்தான் நிறையக் குறைகின்றன. என்னிடம் கூடுதலாக இருக்கும் கால்களை மாற்றிக்கொள்ளலாம்.