கட்டாதவன் மானங்கெட்டவனா?

சனிக்கிழமை காட்பாடிக் கூட்டத்தைப் பத்திப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா அங்க இலங்கைக் கடனைப் பத்தி மேடையில அந்த அண்ணன் பேசினதை வெட்டி வெட்டி எல்லா குரூப்லயும் போட்டுக் கைதட்டறீங்க. "வாங்கின கடனைக் கட்டத் துப்பில்லாத நாடு மானங்கெட்ட நாடு." என் பக்கத்துல உக்காந்திருந்தவர் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த நண்பர். அவரோட அக்கா குடும்பம் இன்னும் இலங்கையிலதான் இருக்கு. கைதட்டினவங்க யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை.

2022-ல இலங்கைக்கு முன்னாடி இருந்தது கட்டறதா, வேணாமாங்கிற கேள்வி இல்லைங்க. யாருக்குக் கட்டாம விடறதுங்கிறதுதான். ஜனவரியில 50 கோடி டாலர் கடன் பத்திரத்தை முழுசா அடைச்சாங்க, பல பொருளாதார நிபுணர்கள் வேணாம்னு சொல்லியும். மார்ச்சுல பேப்பர் இல்லாம மேல் மாகாணத்துப் பசங்களுக்குப் பரீட்சை தள்ளிப் போச்சு. பேராதனை ஆஸ்பத்திரியில மருந்தில்லாம வழக்கமான ஆபரேஷன்களை நிறுத்தினாங்க. ஏப்ரல் 12-ஆம் தேதிதான் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. ஆக, அண்ணன் கணக்குல ஜனவரியில நாணயஸ்தன், ஏப்ரல்ல மானங்கெட்டவன். நோயாளிக்குக் கட்டாம விட்டது பாக்கியே கிடையாது போல!

எங்கம்மா குடியாத்தத்துல பீடி சுத்தினவங்க. குழுக் கடன் தவணை வந்தா அந்த வாரத் துட்டு அப்படியே போயிடும். தம்பி இருமிக்கிட்டே கெடப்பான், மருந்து அடுத்த வாரம்தான். வசூலுக்கு வந்தவர் ஒருநாள் எங்கிட்ட, "உங்கம்மா மாதிரி நாணயமா இருக்கணும்டா"ன்னு சொல்லிட்டுப் போனார். அந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது.

"வீட்டையும் நாட்டையும் ஒப்பிடாதே"ன்னு வருவீங்க. நாட்டுக்கு மானம்னு பேசி மொதல்ல ஒப்பிட்டது உங்க அண்ணன்.

நாட்டுக் கணக்கே வேணுமா? ருமேனியாவை எடுத்துக்கோங்க. 1980-கள்ல அந்த நாட்டு அதிபர் சௌசெஸ்கு வெளிநாட்டுக் கடன் முழுசையும் அடைக்கறேன்னு சாப்பாட்டுக்கு ரேஷன் வச்சு, குளிர்ல வீட்டுக்கு வெப்பத்தைக் குறைச்சு, விளைஞ்சதையெல்லாம் ஏத்துமதி பண்ணார். 1989 ஏப்ரல்ல எல்லாத்தையும் அடைச்சாச்சுன்னு அறிவிப்பு. டிசம்பர்ல அவரையே சுட்டுக் கொன்னாங்க. மானத்துல குறையே இல்லை.

"கட்டலைன்னா அப்புறம் எவன் கொடுப்பான்?" கொடுத்தாங்களே! 2001-ல கடனைக் கட்ட முடியாதுன்னு கைவிரிச்ச அர்ஜென்டினா, 2017-ல நூறு வருஷம் கழிச்சு அசலைத் திருப்பித் தர்ற கடன் பத்திரம் வித்துச்சு. வரிசையில நின்னு வாங்கினாங்க. 2020-ல மறுபடி தவணை தவறிச்சு, அது என் வாதத்துக்கு உதவாத பாதிதான். ஆனா கூடுதல் வட்டி எதுக்கு வாங்கறாங்க? திரும்பி வராமப் போகலாம்ங்கிற ஆபத்துக்குத்தானே? வட்டி மட்டும் வேணும், ஆபத்து வேணாமா?

கைவிரிச்சதால இலங்கை பிழைச்சுதான்னு கேட்டா, இல்லை. அந்த செப்டம்பர்ல விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை ஒட்டி நின்னுச்சு. கடன் கொடுக்க ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) வந்துச்சு, கரண்ட் பில் ஏறிச்சு, 2024 ஜனவரியில வாட் வரி 18 சதவீதம் ஆச்சு. அந்த வாட்டை 2019 டிசம்பர்ல 15-லிருந்து 8-க்கு இறக்கினது யாரு? ஹட்டன் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிற பொம்பளையா? அவங்க எந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாங்க? ஏறின விலையை அவங்கதான் கட்டறாங்க. இங்க ஏசி ஹால்ல உக்காந்துகிட்டு அவங்களுக்கு மானம் சொல்லிக் கொடுக்கறோம்.

கமெண்ட்ல "1991"னு எழுதக் கை துறுதுறுங்குதா? ஆமா, அந்த வருஷம் டாலர் தட்டுப்பாட்டுல இந்தியாவுல நாம 47 டன் தங்கத்தை வெளிநாட்டுல அடகு வச்சோம், தவணை தவறலை. வைக்கறதுக்குத் தங்கம் இருந்துச்சு. செலவழிக்கக்கூடிய டாலர் 5 கோடிகூட இல்லைன்னு 2022 மே மாசம் இலங்கை நிதியமைச்சரே சொன்னார். அவங்க எதைக் கொண்டுபோய் அடகு வச்சிருக்கணும்னு அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.