சைக்கிள் கொடுத்தீர்கள், சாலை எங்கே?

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அருமையான திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதை எந்தச் சாலையில் ஓட்டச் சொல்கிறீர்கள்? காலை எட்டரை மணிக்கு எங்கள் பிரதான சாலைக்கு வந்து பாருங்கள். தாரின் மேல் தாரைக் கொட்டிக் கொட்டிச் சாலை உயர்ந்துவிட்டது. ஓரத்து மண் அரையடி கீழே கிடக்கிறது. புத்தக மூட்டையைச் சுமந்தபடி ஒரு சிறுமி அந்த விளிம்பிலேயே மிதித்துக்கொண்டு போகிறாள். பின்னால் பஸ் காதைப் பிளக்க ஹாரன் அடிக்கிறது. இடப்பக்கம் இறங்கினால் மண் சறுக்கிவிடும், வலப்பக்கம் ஒதுங்கினால் பஸ்ஸின் சக்கரம். எங்கேதான் போவாள் அவள்?

நடப்பவர்கள் பாடு இன்னும் கொடுமை. நடைபாதையில் மின்பெட்டி, கடை விளம்பரப் பலகை, கொட்டிய ஜல்லி. மிச்சமிருக்கிற இடத்தில் மோட்டார் சைக்கிள் ஏறி வருகிறது. ஏறி வந்ததோடு விட்டானா? முன்னால் நடக்கும் பாட்டியை விலகச் சொல்லி ஹாரன் அடிக்கிறான்! அது அவர் நடக்கப் போட்ட பாதையடா!

விதி இல்லாமலா இருக்கிறது? நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, 1.8 மீட்டர் அகலமாவது தடையின்றி இருக்கவேண்டும் என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-லேயே எழுதிவைத்துவிட்டது. இங்கே முழங்கால் உயரத்துக்குக் கட்டுகிறார்கள். மூட்டுவலிக்காரர் ஏற முடியாமல் சாலையில் நடக்கிறார், அடிபட்டால், "ஓரமாகப் போகக்கூடாதா?" என்று அவரையே ஏசுகிறோம்.

2022-இல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர். நாளுக்கு ஏறத்தாழ 90 உயிர்! போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கவேண்டும் என்று சென்னை 2014-இல் கொள்கை வகுத்தது. தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இனி யார் வந்து சொல்லவேண்டும்?

வண்டி ஏறமுடியாதபடி நடைபாதைகளின் முனையில் கம்பம் நடுங்கள். சக்கர நாற்காலி நுழைய இடம் விட்டு நடுங்கள். புதிதாகத் தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுங்கள். ஓரத்து மண்ணைச் சாலை மட்டத்துக்கு உயர்த்துங்கள். அடுத்த சைக்கிள் வழங்கும் விழாவுக்கு மேடை போடுவதற்குள் இதைச் செய்து முடியுங்கள்.